நொட்டை: ஒரு சொல்லின் பொருளும் வேரும்

கேள்வி

‘நொட்டை சொல்லுதல்’ தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இன்றும் பேச்சில் வழங்கும் தொடர். கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்தவர் ரசத்தில் உப்பு ஒரு கல் கூடிவிட்டது என்கிறார். புதிதாகக் கட்டிய வீட்டைப் பார்க்க வந்தவர் நிலைக்கதவின் ஓரத்தில் வர்ணம் திட்டுத்திட்டாக இருக்கிறது என்கிறார். அவர்கள் போனபின் வீட்டார் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “எதை எடுத்தாலும் ஒரு நொட்டை சொல்லாமப் போகமாட்டாரு.” இங்கே நொட்டைக்குக் குறை என்று பொருள் எழுதிவிடலாம். ஆனால் அதே வாக்கியத்தில் ‘குறை’ என்ற சொல்லை வைத்துப் படித்தால் பேசியவரின் கசப்பில் பாதி காணாமல் போகிறது. அப்படிக் காணாமல் போவது எது, இந்தச் சொல் எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்ற இரண்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இரண்டும் பிணைந்தவை. இன்றைய வழக்கைக் கவனிக்காமல் இச்சொல்லின் வேரைத் தேடியதால்தான், கேட்க அழகாக இருந்தும் நிலைக்காத விளக்கங்கள் கிளம்பியிருக்கின்றன என்பது என் கருத்து.

வழக்கில் இச்சொல் வரும் இடமும் வராத இடமும்

ஒரு சொல் எந்த வாக்கியத்தில் வர மறுக்கிறது என்பது அதன் பொருளை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். “அவன் நொட்டை சொல்றான்”, “நீ நொட்டை சொல்லாதே” என்பவை இயல்பான பேச்சு. “நான் உன் சமையலில் நொட்டை சொல்கிறேன்” என்று எவரும் சொல்வதில்லை. தன்மையில் இச்சொல் வருமானால் மறுப்போடுதான் வருகிறது: “நொட்டை சொல்றேன்னு நினைக்காதே, இந்த மூலை மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கு.” குறைக்கு இந்தத் தடை கிடையாது. “எனக்கு ஒரு குறை உண்டு” என்று நிமிர்ந்து நின்று சொல்லலாம். எனவே நொட்டை என்பது குறை காண்பவர் தம் செயலுக்கு வைத்துக்கொள்ளும் பெயர் அல்ல. குறை காணப்பட்டவரோ, பக்கத்தில் நின்று கேட்டவரோ அந்தச் செயலுக்கு வைக்கும் பெயர் அது.

அடுத்து, இச்சொல்லுக்கு முன்னால் வரும் அடைகளைப் பார்க்க வேண்டும். “எப்பப் பார்த்தாலும்”, “எதை எடுத்தாலும்”, “எதுக்கெடுத்தாலும்” என்பவை இதன் நிரந்தரத் துணைகள். ஒரே ஒரு முறை குறை சொன்னவரை நாம் நொட்டை சொல்பவர் என்பதில்லை. செயலைவிடச் செய்பவரின் சுபாவத்தைத்தான் இச்சொல் பிடிக்கிறது.

முக்கியமானது அளவு. சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடுகிறது என்று காட்டியவரை நொட்டை சொல்கிறார் என்று ஒதுக்க முடியாது. உப்பு ஒரு கல் கூடியதைச் சொன்னவரை ஒதுக்கலாம். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். “நொட்டை சொல்கிறார்” என்ற வாக்கியம் “பொய் சொல்கிறார்” என்று குற்றம் சாட்டுவதில்லை. குறை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியையே அது எடுத்துக்கொள்வதில்லை. சொல்லும் அளவுக்கு அது பெரிதில்லை என்றும், பெரிதில்லாததைச் சொன்னவரின் மனம் நேராக இல்லை என்றும் ஒரே மூச்சில் தீர்ப்பு வழங்கிவிடுகிறது. குறை என்ற சொல்லால் மாற்றும்போது நாம் இழப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

பக்கத்தில் உள்ள சொற்களோடு வைத்துப் பார்த்தால் எல்லை இன்னும் தெளிவாகும். நொரநாட்டியம் பேசுபவர் தமக்கு எதுவும் சரிப்படாது என்று பிகு செய்கிறார். குறையைவிட அவருடைய ஆர்ப்பாட்டம்தான் அதில் பெரிது. குதர்க்கம் பேசுபவரிடம் வாதம் இருக்கும், அது கோணலாக இருக்கும். விதண்டாவாதம் வடமொழித் தருக்க மரபிலிருந்து வந்தது. நியாய சூத்திரம் விவாதத்தை வாதம், ஜல்பம், விதண்டை என மூன்றாகப் பிரிக்கிறது. தனக்கென ஒரு கொள்கையை நிறுவாமல் எதிராளியின் கொள்கையை உடைப்பது மட்டுமே விதண்டை. நொட்டை சொல்பவரிடமும் தன் கொள்கை கிடையாது. ஆனால் விதண்டைக்குக் கூர்ந்த தருக்கப் பயிற்சி வேண்டும், நொட்டைக்கு அது தேவையில்லை. விரலை நீட்டிக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

குறைக்கும் குற்றத்துக்கும் மன்றம் உண்டு

தமிழில் தவறைக் குறிக்கும் சொற்கள் காலப்போக்கில் ஆளுக்கொரு இடத்தைப் பிடித்துக்கொண்டன. குற்றம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. குற்றப்பத்திரிகை, குற்றவியல் நடைமுறை என்று சட்டத்தின் மொழியாகிவிட்டது. பிழை அச்சகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனது. பிழைதிருத்தம், அச்சுப்பிழை என்பவற்றோடு, இலங்கையில் ‘தவறு’ என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் பிழைதான் வழங்குகிறது. வழு இலக்கணத்துக்குள் தங்கியது. குறை அரசு அலுவலகத்துக்குப் போனது. தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் கூட்டத்துக்கு மக்கள் குறைதீர்க்கும் நாள் என்று பெயர். மனு எழுதிக் கொண்டுவரும் மூதாட்டி குறையோடு வருகிறார்; அதைக் கேட்பது அரசின் கடமை என்று அந்தப் பெயரே ஒப்புக்கொள்கிறது.

நொட்டைக்கு இப்படி ஒரு மன்றம் வாய்க்கவில்லை. அது முற்றத்திலும் அடுப்படியிலும் திண்ணையிலும் கடையிலும் வேலைத்தளத்திலும் தங்கிவிட்டது. எழுத்துத் தமிழுக்குள் அது அதிகம் நுழையாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டுப் பேச்சில் ‘நொட்டுதல்’ என்ற வினை கொச்சையாக, ஏச்சாக வழங்குகிறது. “பெரிசா என்னத்த நொட்டிட்டே” என்பது சண்டையில் வரும் வாக்கியம். இந்த வினையின் நாற்றம் பெயர்ச்சொல்லின் மீதும் படிந்ததால், படித்தவர்கள் எழுதும்போது நொட்டையைத் தவிர்த்துக் குறை, குற்றம் என்று மாற்றிக்கொண்டார்கள். பேச்சில் இத்தனை உயிரோடு இருக்கும் ஒரு சொல் அச்சில் இத்தனை அரிதாகத் தென்படுவது ஆய்வாளருக்கு இடையூறு. பழைய நூல்களிலிருந்து சான்று திரட்டும் வழி இங்கே அடைபட்டுக் கிடக்கிறது. சொல்லின் வடிவம், அது சேரும் தொடர்கள், உறவு மொழிகளின் சான்று ஆகியவற்றையே நம்ப வேண்டியிருக்கிறது.

நூல்மரபு குறைகாணலை எப்படிப் பார்த்தது

குறை காண்பதே இழிவு என்ற எண்ணம் தமிழ் நூல்மரபில் இல்லை. பவணந்தியின் நன்னூல், நூலாசிரியர் கொள்ளக்கூடிய நிலைப்பாடுகளை எழுவகை மதம் என்று வகுக்கும்போது பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவதையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. அதே பாயிரம் நூலுக்கு வரும் பத்துக் குற்றங்களையும் பட்டியலிடுகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என நீளும் அந்தப் பட்டியல் உண்மையில் விமரிசகர் கையில் தரப்பட்ட அளவுகோல். இன்ன இன்ன வகைக் குற்றங்களைச் சுட்டலாம் என்று வரையறுத்துவிட்டால், அந்த வரையறைக்குள் நின்று சுட்டுபவரை எவரும் சில்லறைப் புத்திக்காரர் என்று தள்ள முடியாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் இந்த மரபின் உச்சியில் நின்றார். வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து அவர் எழுதிய நூலுக்கு இலக்கண விளக்கச் சூறாவளி என்றே பெயர். ‘விளக்கம்’ என்பதற்கு எதிரே ‘சூறாவளி’யை நிறுத்திய அந்தத் தலைப்பில் கடுமை தெரிகிறது. ஆனாலும் அதைக் கண்டனம், மறுப்பு என்றுதான் தமிழ் உலகம் சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கிளப்பிய அருட்பா மறுப்பும் அப்படியே. அதை ஏற்றவரும் உண்டு, வெறுத்தவரும் உண்டு. சில்லறை விஷயம் என்று எவரும் ஒதுக்கவில்லை.

திருக்குறளிலும் இந்தப் பிரிவு தெளிவாக இருக்கிறது. பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரம், இடித்துரைப்போரைத் துணையாகக் கொள்ளாத மன்னன் கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்கிறது. நட்பு அதிகாரம் நண்பனின் கடமைகளில் இடித்துரைத்தலைச் சேர்க்கிறது. எதிர்த் திசையில் புறங்கூறாமை அதிகாரம் முதுகுக்குப் பின்னால் பழி தூற்றுவதைக் கண்டிக்கிறது. முகத்துக்கு நேரே, நன்மை நாடிச் சொல்வது இடித்துரை. முதுகுக்குப் பின்னே, கேடு நாடிச் சொல்வது புறங்கூறல். நொட்டை இவ்விரண்டிலும் சேராது. அது முகத்துக்கு நேரேயும் வரும், நாலு பேர் நடுவிலும் வரும். கேடு விளைவிக்கும் திட்டம் எதுவும் அதில் இருக்க வேண்டியதில்லை. நன்மை நாடும் எண்ணமும் இருப்பதில்லை. அறநூல் அரசனையும் நண்பனையும் நோக்கிப் பேசியது. அன்றாடம் ஒரே கூரையின்கீழ் நடக்கும் சின்னச் சின்ன உரசலுக்குப் பெயர் வைக்கும் வேலையைப் பேச்சுமொழி எடுத்துக்கொண்டது.

நக்கீரர் கதையை இங்கே தொட வேண்டியிருக்கிறது. பிழை பார்ப்பவரை நக்கீரர் என்றே அழைக்கும் அளவுக்கு அக்கதை ஊறிப்போயிருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலும், அதையொட்டி 1965இல் ஏ.பி. நாகராசன் எடுத்த திரைப்படத்திலும் தருமிக்குக் கிடைக்கவிருந்த பொற்கிழி, அவர் கொண்டுவந்த பாட்டில் நக்கீரர் கண்ட ஒரு பொருட்குற்றத்தால் தடைபடுகிறது. கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற கேள்வி சங்கத்துக்கு மெய்ம்மை பற்றியது. தருமியின் இடத்தில் நின்று பார்த்தால், பசித்த வயிற்றுக்கும் பரிசுக்கும் நடுவே நீட்டப்பட்ட சிறுவிரல் அது. சொன்னது குற்றமா, நொட்டையா என்பது கேட்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

வேர் பற்றிய விளக்கங்கள்

முதல் விளக்கம் நாவோசையிலிருந்து தொடங்குகிறது. நொட்டை என்ற சொல்லுக்கு நாவை அண்ணத்தில் ஒட்டி எடுக்கும்போது எழும் ஓசை என்ற பொருளும் உண்டு. சுவையான பண்டத்தைத் தின்னும்போது நொட்டை விடுதல் என்பார்கள். மலையாளத்தில் நொட்டிநுணயுக என்றால் சப்புக்கொட்டிச் சுவைத்தல். விரல் முறித்து எழுப்பும் ஒலிக்கு அங்கே ஞொட்ட என்று பெயர். விரல் சொடுக்குவது ஞொடிக்குக. தமிழின் நொடியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் சொடக்குத் தக்காளிக்கு மலையாளப் பெயர் ஞொட்டாஞொடியன். பிள்ளைகள் அதை நெற்றியில் அடித்து உடைக்கும்போது எழும் ஓசையால் இரு மொழியிலும் பெயர் பெற்ற செடி அது. ஆகவே நொட்டு, நொடி என்பவை திடீரென வெடிக்கும் ஓசைக்குரிய ஒலிக்குறிப்புகள் என்பதில் ஐயமில்லை. அதிருப்தியிலும் நாம் நாவால் ‘ச்சு’ என்று ஓசை எழுப்புகிறோம். ஆகவே நாவோசையே குறைகூறலின் பெயரானது என்பது இவ்விளக்கத்தின் வாதம்.

கேட்க இனிமையான விளக்கம்தான். ஆனால் சொல் சேரும் வினைகள் இதற்கு இடம் கொடுக்கவில்லை. தமிழில் ஓசைப்பெயர்கள் விடு, போடு, கொட்டு என்ற வினைகளோடு சேரும்: குறட்டை விடுதல், சொடக்குப் போடுதல், உச்சுக்கொட்டுதல், சப்புக்கொட்டுதல். நாவோசையாகிய நொட்டையும் ‘விடு’ என்பதோடுதான் சேர்கிறது. குறைகூறலாகிய நொட்டை ‘சொல்’ என்பதோடு சேர்கிறது. ஓசையை யாரும் ‘சொல்வதில்லை’. மேலும் உச்சுக்கொட்டுதல் பெரும்பாலும் இரக்கத்துக்கு உரியது. நொட்டை விடுதலோ சுவைத்து மகிழ்வதற்கு உரியது. இந்த இரண்டிலிருந்தும் குறைகாணலுக்கு வரும் பாதை வளைந்து வளைந்து போக வேண்டும். நாவோசை நொட்டையும் குறை நொட்டையும் ஒலியால் ஒன்றிய இரு வேறு சொற்கள் என்று கொள்வதே பொருத்தம்.

இரண்டாவது விளக்கம் நோட்டம் என்ற சொல்லோடு முடிச்சுப் போடுகிறது. நாணயத்தின் மாற்றுப் பார்ப்பது நோட்டம். அதைச் செய்பவர் நோட்டக்காரர். சங்க காலத்தில் இத்தொழில் செய்தவரை வண்ணக்கன் என்றார்கள். புலவர்களின் பெயர்களிலேயே அந்த அடை இருக்கிறது. கன்னடத்தில் நோடு என்றால் பார். நுணுகிப் பார்ப்பதே குறை காண்பதாக மாறியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் நோட்டம் நெடிலோடு இன்றும் அப்படியே உயிரோடு இருக்கிறது. “நோட்டம் விடுகிறான்” என்று அன்றாடம் சொல்கிறோம். இச்சொல் குறுகி நொட்டை ஆனதற்கு ஒலி வழியில் காரணம் எதுவும் தென்படவில்லை. பொருளும் இடிக்கிறது. நோட்டம் பார்க்கும் செயலின் பெயர். நொட்டை பார்க்கப்படும் பொருளில் இருப்பது. “ரெண்டு நொட்டை கண்டுபிடிச்சுட்டான்” என்று எண்ணிக்கூடச் சொல்ல முடிகிறது. இவ்விளக்கத்தை ஒதுக்கிவிடலாம்.

மூன்றாவது விளக்கம்தான் எனக்கு ஏற்புடையது. நொட்டை என்பது முதலில் உடலிலோ பண்டத்திலோ காணும் ஊனத்தின் பெயர். இதற்கு நான் காட்டும் சான்றுகள் பல திசைகளிலிருந்து வருகின்றன.

‘நொட்டை நொள்ளை சொல்லுதல்’ என்பது இச்சொல் வரும் மிகப் பழக்கமான இணைமொழி. நொள்ளை என்றால் பார்வை குன்றிய கண். தமிழின் இணைமொழிகள் பெரும்பாலும் பொருளால் நெருங்கிய சொற்களைக் கோக்கின்றன: குற்றம் குறை, ஓட்டை உடைசல், சொத்தை சொள்ளை. நொள்ளையின் துணையாக நிற்கும் நொட்டையும் ஊனப்பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒன்று வெறும் எதுகை ஒலியாக ஒட்டிக்கொண்டதாகாதா என்று கேட்கலாம். நொட்டை தனித்தும் வழங்குகிறது, நொள்ளை தனித்தும் வழங்குகிறது. எனவே எதிரொலிச்சொல் என்று கொள்ள இடமில்லை.

ஒலி அமைப்பு இதற்கு ஒத்துப்போகிறது. தமிழில் ளகர ஈறு டகர இரட்டிப்பாக மாறுவது நன்கு அறிந்த மாற்றம்: கேள் என்பதிலிருந்து கேட்டல், மீள் என்பதிலிருந்து மீட்டல், நீள் என்பதிலிருந்து நீட்டல். ஊனப்பெயர்களிலும் இதே இணைகள் தென்படுகின்றன. பூச்சி அரித்த சொள்ளைக்குப் பக்கத்தில் நெளிந்த பாத்திரத்தின் சொட்டை. துளையாகிய பொள்ளலுக்குப் பக்கத்தில் பார்வையற்ற பொட்டைக்கண். நொள்ளைக்குப் பக்கத்தில் நொட்டை. இளைத்தல், சுருங்குதல் என்ற பொருளில் நொள்குதல் என்ற பழஞ்சொல் இருப்பதும் இந்த வரிசைக்கு வலு சேர்க்கிறது.

எல்லாவற்றிலும் உறுதியான சான்று என்று நான் கருதுவது நொட்டாங்கை. இடது கைக்குத் தமிழ்நாட்டுப் பேச்சில் வழங்கும் பெயர்களில் ஒன்று அது. சோற்றாங்கை, பீச்சாங்கை என்பவற்றின் அமைப்பைப் பார்த்தால் முன்பகுதி அந்தக் கையின் தன்மையையோ வேலையையோ சொல்கிறது. சோற்றாங்கை சோறு உண்ணும் கை. நொட்டாங்கையை நொட்டையான கை, அதாவது திறன் குறைந்த கை என்று பிரிப்பது இயல்பாக அமைகிறது. நாவோசையோ நாணய நோட்டமோ இடது கைக்குப் பொருந்தவே பொருந்தாது. குறைகூறலோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தொடரில் நொட்டை ‘குறைபாடுடைய’ என்ற பொருளில் நிற்பதால், அந்தப் பொருளே மூத்தது என்ற முடிவுக்கு வருகிறேன்.

பொருள் நகர்ந்த வழிக்கும் ஓர் இணை கிடைக்கிறது. சொட்டை என்பது பள்ளம், நெளிவு. தமிழ்நாட்டில் அது இன்று பெரும்பாலும் வழுக்கைத் தலையோடு சுருங்கிவிட்டது. யாழ்ப்பாணத்திலோ சொட்டை என்றால் கேலி. சொட்டை பண்ணுதல் என்றால் கிண்டல் செய்தல். பண்டத்தின் ஊனம் முதலில் ஊனத்தைச் சொல்லும் பேச்சாகவும், பிறகு அந்தப் பேச்சின் வகையாகவும் மாறியிருக்கிறது. நொட்டை நடந்த பாதையும் இதுவே.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். நொய், நொறுங்கு, நொண்டி, நொசிவு, நொந்து என்று ‘நொ’வில் தொடங்கும் சொற்களையெல்லாம் கூட்டி, ‘நொ’ என்றாலே சிறுமையும் நலிவும்தான் என்று நிறுவும் ஆசை எவருக்கும் வரும். நன்னூல் கணக்கிடும் நாற்பத்திரண்டு ஓரெழுத்து ஒருமொழிகளில் குறில்கள் இரண்டே இரண்டு. அவற்றுள் ஒன்று ‘நொ’, வருந்து என்ற பொருளில். இது அந்த ஆசையை இன்னும் வளர்க்கும். ஆனால் விலை என்ற பொருள்தரும் நொடை, அயன்மை என்ற பொருள்தரும் நொதுமல், வேலியில் நிற்கும் நொச்சி ஆகியவை அந்தக் கூடையில் அடங்குவதில்லை. பாவாணர் வழிவந்த வேர்ச்சொல் ஆய்வு ஒலி ஒத்த சொற்களை ஒரே வேரில் சேர்ப்பதில் காட்டிய துணிவு பல புதிய தொடர்புகளைக் காட்டியது உண்மை. பொருந்தாத சொற்களை ஓரமாக ஒதுக்கிவிடும் பழக்கத்தையும் அது வளர்த்தது. என் வாதம் ‘நொ’ என்ற ஒலியின் மீது நிற்கவில்லை. நொட்டையும் நொள்ளையும் நொட்டாங்கையும் வழங்கும் தொடர்களின் மீது நிற்கிறது.

ஊனத்திலிருந்து பிறந்த ஏச்சு

இந்த முடிவு சரியென்றால் அதில் சங்கடமான ஒரு செய்தி இருக்கிறது. பார்வை குன்றியவரின் கண், இடக்கைப் பழக்கக்காரரின் கை, கால் நலிந்தவரின் நடை ஆகியவற்றுக்கு இட்ட பெயர்களைக் கொண்டே தமிழ் தன் விமரிசனச் சொற்களில் ஒரு பகுதியைக் கட்டியிருக்கிறது. நொண்டிச் சாக்கு, குருட்டு நம்பிக்கை, மொட்டைக் கடிதம் ஆகியவையும் இந்த வகைதான். அரசு வழக்கில் மாற்றுத்திறனாளி என்ற பெயர் நிலைத்த பின்னும் இத்தொடர்கள் பேச்சிலும் செய்தித்தாளிலும் தடையின்றி நடக்கின்றன. இவற்றை ஒரே நாளில் துடைத்தெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நொட்டை என்று சொல்லும் பெரும்பாலானோருக்கு அதன் ஊனப்பொருள் நினைவிலேயே இல்லை. ஆனால் இடது கையால் எழுதும் குழந்தையை நொட்டாங்கை என்று அழைக்கும் வீட்டில் அந்தப் பொருள் இன்னும் முழு உயிரோடு இருக்கிறது. அந்த வழக்கைக் கைவிடுவதில் தமிழுக்கு இழப்பு எதுவும் இல்லை.

யார் சொன்னால் நொட்டை

குறைகாணலை அதிகாரத்தோடு சேர்த்துப் பார்க்கும் கண் நம் பழமொழிகளுக்கு உண்டு. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். குற்றம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே வெறுப்பு இருந்தது. குற்றம் அதற்குப் பின்னால் தேடிப்பிடிக்கப்பட்டது என்று இரண்டும் சொல்கின்றன. இத்தகைய வீட்டில் “நொட்டை சொல்கிறார்கள்” என்று மருமகள் தன் தோழியிடம் சொல்வது எளியவரின் தற்காப்பு. தன்னை நாள்தோறும் அரிக்கும் ஒன்றுக்கு அவர் வைக்கும் பெயர் அது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் குறை தன்னிடம்தான் என்று அவர் நம்பத் தொடங்கிவிடுவார். இந்த வகையில் நொட்டை மதிக்கத்தக்க சொல்.

அதே சொல் மேலிருந்து கீழே வரும்போது வேலை மாறிவிடுகிறது. விடுதிச் சாப்பாட்டில் புழு கிடப்பதாகச் சொல்லும் மாணவர், கூலியில் பத்து ரூபாய் குறைவதாகச் சொல்லும் தொழிலாளி, வார்டில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லும் நோயாளியின் உறவினர் ஆகியோரைப் பார்த்து “எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்லுவே” என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கே முடிந்துவிடுகிறது. மேலே கண்ட இலக்கணம் இங்கேதான் தன் பல்லைக் காட்டுகிறது. குறை உண்மையா என்ற கேள்வியை எழுப்பாமலே, குறையின் அளவையும் சொன்னவரின் சுபாவத்தையும் பற்றித் தீர்ப்பு வந்துவிடுவதால், அதற்கு மேல் அவர் எதைச் சொன்னாலும் அது இன்னொரு நொட்டையாகத்தான் எண்ணப்படும். பத்து ரூபாய் சிறிய தொகையா என்பதை அதை இழந்தவர்தான் சொல்ல வேண்டும். முதலாளி பண்டத்தில் காணும் சிறு குறைக்குத் தரக் கட்டுப்பாடு என்று பெயர். தொழிலாளி வேலைத்தளத்தில் காணும் சிறு குறைக்கு நொட்டை என்று பெயர். பேச்சுமொழியின் இந்த ஏற்றத்தாழ்வை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

இதனால் நொட்டையைக் ‘குறைகூறல்’ என்று மட்டும் விளக்குவது போதாது. பிறர் காட்டிய குறை பொருட்படுத்தத் தக்கதல்ல என்று, அதனால் பாதிக்கப்பட்டவரோ அதிகாரம் உடையவரோ வழங்கும் தீர்ப்பு என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

அகராதி தொகுப்போரிடமும், வட்டாரச் சொல் திரட்டும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நொட்டை என்ற தலைச்சொல்லுக்கு எதிரே குறை என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். யார் யாரைப் பார்த்து, எந்த வேலையின் நடுவே சொன்னார் என்ற விவரத்தோடு முழு வாக்கியத்தையும் எழுதி வையுங்கள். நொட்டாங்கை வழங்கும் ஊர்களையும் வழங்காத ஊர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துச் சொட்டையையும் தமிழ்நாட்டுச் சொட்டையையும் ஒரே பதிவில் அடைக்காமல் தனித்தனியே வையுங்கள். அடுப்படியிலும் வேலைத்தளத்திலும் இச்சொல்லைப் பயன்படுத்துவோரின் பேச்சை முதலில் பதிவு செய்யுங்கள். சான்றுகளில் பெரும்பகுதி அவர்களிடம்தான் இருக்கிறது.